கதிருக்குப் பயம், பிளக்குக்குப் பயமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பின் மகளிர் பக்கத்தில், சிறிய சமையலறையில் இடத்தை மிச்சப்படுத்தும் யோசனைகள் வெளிவந்திருந்தன. மசாலா டப்பாக்களைக் கதவின் உட்புறம் மாட்டுவது போன்றவை எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஏற்றிவிடலாம், இல்லாவிட்டால் அலமாரியின் அறைக்குள் இடைவெளி தெரியாமல் பொருத்திவிடலாம் என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பினாங்கில் வீடுகளுக்கு மின்கம்பி இழுத்துக் கொடுத்துப் பிழைப்பவன் நான். அந்த யோசனையை அப்படியே செய்து பார்த்த வீடுகளிலிருந்து என் போன்றவர்களுக்குத்தான் பிறகு அழைப்பு வரும்.

நம்மவர்களுக்கு இந்த அடுப்பின்மேல் உள்ள பயமெல்லாம் கதிரை, அதாவது அதிலிருந்து வரும் கதிர்வீச்சைப் பற்றியது. அடுப்பு ஓடும்போது பிள்ளைகளைக் கூடத்துக்கு விரட்டுகிற பாட்டிமார்களைப் பார்த்திருக்கிறேன். கதவுக் கண்ணாடிக்குள் தெரியும் உலோக வலையின் துளைகள் கடுகளவுதான். உள்ளே சுழலும் அலையின் நீளமோ ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். அந்தத் துளை வழியாக அது தப்பி வர வழியில்லை. கதவைத் திறந்த நொடியே அலை நின்றுவிடும்படி கதவுக்குள் சுவிட்சுகளும் வைத்திருக்கிறார்கள். கதவு நெளியாமல், கீல் ஆடாமல், விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறாமல் இருந்தால் போதும். ஆனால் கதிருக்கு இத்தனை பயப்படுகிற அதே வீட்டில், அடுப்பின் பின்னால் பிளக் எந்த நிலையில் இருக்கிறது என்று எட்டிப் பார்க்க ஆளில்லை.

ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில், சமையலறையில் மீன் நாற்றம் போகவில்லை என்று சொன்னார்கள். அது சைவம் சமைக்கும் வீடு. பூனை எதையோ கொண்டுவந்து போட்டிருக்கும் என்று அலமாரிகளையெல்லாம் நகர்த்திக் கழுவியிருக்கிறார்கள். நான் போய் மைக்ரோவேவ் அடுப்பை முன்னால் இழுத்தேன். சுவரில் ஒரே ஒரு பிளக்குக் குழி. அதிலிருந்து ஒரு நீட்டிப்புப் பலகை. அந்தப் பலகையில் அடுப்பு, ரைஸ் குக்கர், தண்ணீர் கெட்டில் மூன்றும் செருகப்பட்டிருந்தன. சுவர்க் குழியின் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம். பிளக்கை இழுத்தபோது இளகிய பிளாஸ்டிக்கும் கூடவே வந்தது. பித்தளை முனை கறுத்துப் போயிருந்தது. பிளக்கில் உள்ள சில வகை பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் மீன் வாடைதான் அடிக்கும்.

கணக்கு எளிது. மைக்ரோவேவ் அடுப்பு வந்த அட்டைப்பெட்டியின்மேல் 800 வாட் என்று எழுதியிருப்பது உணவுக்குப் போய்ச் சேரும் சக்தி. சுவரிலிருந்து அது இழுப்பது 1,200 வாட்டுக்குக் குறையாது. கெட்டில்கள் பலவும் 2,000 வாட்டை எட்டும். நம் மலேசியாவின் 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 3,000 வாட். இரண்டையும் சேர்த்து ஓட்டினாலே வரம்பு தாண்டிவிடுகிறது, ரைஸ் குக்கரைச் சேர்க்கவே வேண்டாம். பியூஸ் இருக்கிறதே என்பார்கள். முனை தளர்ந்து, பட்டும் படாமலும் இருக்கிற இடத்தில் எழும் சூடு பியூசுக்குத் தெரியாது. மின்பெட்டியில் உள்ள மின்கசிவுத் துண்டிப்பானும் (மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழாது. அது பார்ப்பது கசிவை மட்டும்தான். (அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதையும் இந்தச் சாக்கில் சொல்லி வைக்கிறேன்.) ஆகவே மைக்ரோவேவ் அடுப்புக்குச் சுவரில் தனிப் பிளக்குக் குழி வேண்டும். இல்லையென்றால் அடுப்பை வாங்குவதற்கு முன்னால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தில் மலிவாக வாங்கும் அடுப்புகளில் சில இரண்டு முனைப் பிளக்கோடு வருகின்றன. மேல் துளையில் பேனாவை விட்டு நெம்பி அதைச் செருகுகிற சாமர்த்தியம் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. இந்த அடுப்பின் உடல் முழுக்க இரும்புத் தகடு. கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் நிலக்கம்பி (எர்த்) இரண்டு முனைப் பிளக்கில் கிடையாது. அது இல்லாத இடத்தில் உள்ளே ஒரு கம்பி உரசினால் அடுத்துத் தொடுகிறவர்தான் நிலக்கம்பி. சிரிம் (மலேசியத் தரச்சான்று நிறுவனம்) ஒட்டுவில்லை இல்லாத அடுப்பைத் திருப்பி அனுப்பிவிடுவதே மேல்.

இனி இடம். குளிர்பதனப் பெட்டியின் உச்சி பெரும்பாலான பெண்களுக்குத் தலைக்கு மேலே இருக்கிறது. கொதிக்கும் சாம்பார்க் கிண்ணத்தை அங்கிருந்து இறக்கும்போது தளும்பினால் முகத்தில்தான் விழும். பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் தரையிலிருந்து 85 சென்டிமீட்டர் உயரத்தைச் சொல்கின்றன. சமையல் மேடை ஏறக்குறைய அந்த உயரம்தான். மேலே 20 முதல் 30 சென்டிமீட்டர், பின்னாலும் பக்கவாட்டிலும் ஒரு சாண் விட்டால் சூடு வெளியேறும். சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். அலமாரிக்குள் வைப்பதற்கென்றே செய்யப்பட்ட அடுப்புகள் வேறு. சாதாரண அடுப்பை அலமாரிக்குள் அடைத்தால் தன் சூட்டிலேயே அது வேகும். காற்றோட்டத் துளைகளின்மேல் பூவேலை செய்த துணியை விரித்து, அதன்மேல் மைலோ டின்னையும் பிளாஸ்டிக் பூச்சாடியையும் அடுக்குகிற பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். தொலைக்காட்சிக்குத் துணி போர்த்திய காலத்துப் பழக்கம் அது.

தூக்கி வைக்கும்போது ஒரு பக்கம் கனமாக இருக்கும். டிரான்ஸ்பார்மர் அந்தப் பக்கத்தில் இருப்பதால் அப்படி. வைத்த பிறகு உள்ளே இருக்கும் காகிதம், நுரைத் துண்டுகளை எடுத்துவிடுங்கள், ஆனால் உட்சுவரில் அட்டை போல ஒட்டியிருக்கும் மைக்கா தகட்டைப் பெயர்க்காதீர்கள். பொட்டலத்தோடு வந்த அட்டை என்று நினைத்துப் பிய்த்தெறிந்த வீடுகள் உண்டு. முதலில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தால் தட்டு சுழல்கிறதா, தண்ணீர் சூடாகிறதா என்று தெரிந்துவிடும். வெறுமனே ஓட்டக்கூடாது. எவர்சில்வர் கிண்ணம் ஆகாது. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தில் குத்தியிருக்கும் ஸ்டேப்பிள் முள்ளும் ஆகாது, அந்தச் சின்ன முள்ளே தீப்பொறி கிளப்பும்.

பழுதானால் மேல்மூடியைத் திறக்கிற துணிச்சல் யாருக்கும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஆளைக் கொல்லும் அளவு மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும்.

தீபாவளி மலிவு விற்பனைக்கான விளம்பரங்கள் தங்கள் பக்கங்களில் வரத் தொடங்கும் முன், அந்த யோசனையைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அளவுகளோடு ஒரு படமும் போட்டால் அலமாரி செய்யும் தச்சர்களிடம் காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
மின்பணியாளர் ஒருவர்,
ஜெலுத்தோங், பினாங்கு.