மலேரியா மருந்தும் எலியின் இரத்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேரியா மருந்து கொடுத்த ஆய்வக எலிகளுக்கு 'ஹீமோகுளோபின் கூடியது' என்றோ 'இரத்தசோகை வந்தது' என்றோ வரும் செய்திகளைப் படிக்கையில், அந்த எலிகளுக்கு முன்பே மலேரியா இருந்ததா என்பதைத்தான் முதலில் தேடுகிறேன். மலேரியாக் கிருமி சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டே பெருகுவதால், நோயுற்ற எலியில் கிருமி ஒழிந்தாலே இரத்தம் தேறத் தொடங்கும். அதனால் மருந்தே இரத்தத்தை ஊறச் செய்தது என்று கொள்ள முடியாது. மருந்தின் தீங்கை நோயற்ற விலங்கில்தான் தெளிவாகப் பிரித்தறிய முடியும்.

சுண்டெலியின் உடலில் உள்ள மொத்த இரத்தமே ஏறத்தாழ 2 மில்லிலிட்டர்தான். வால் நுனியிலிருந்து அடிக்கடி மாதிரி எடுத்தாலே சோகை வந்துவிடக்கூடும் என்பதால், மருந்து பெறாத எலிகளிடமிருந்தும் அதே அளவு இரத்தம் எடுத்து ஒப்பிட்டார்களா என்று செய்தியாளர் கேட்டிருக்க வேண்டும். (பாவம், பழி மருந்தின் தலையில் விழுந்துவிடுகிறது.)

பிரைமாகுவின் (Primaquine) என்ற மலேரியா மருந்தின் செய்தி வேறு. அதை உட்கொண்ட சிலரின் சிவப்பணுக்கள் சிதைவதற்கு அவற்றைச் சேதத்திலிருந்து காக்க உதவும் ஜி6பிடி (G6PD) என்னும் நொதியின் குறைபாடே காரணம் என்பது 1956-இல் கண்டறியப்பட்டது. சாதாரண ஆய்வக எலிக்கு அந்தக் குறைபாடு இல்லை. அதன் சிவப்பணுவின் ஆயுளும் மனிதருடையதைப் போல 120 நாள் அல்ல, சுண்டெலியில் சுமார் 40 நாள்தான். ஆகவே, எலி தாங்கிக்கொண்டது என்ற ஒரே காரணத்தால் 'மனிதருக்கும் பாதுகாப்பானது' என்று தலைப்பிடுவதைத் தங்கள் நாளிதழ் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்