உருவும் சுண்டங்கோழியும்

ஏற்காடு

அன்புள்ள கதிரேசனுக்கு,

பிரேசிலின் சாவோ பாவ்லோவில் மகன் வீட்டில் நலமாக இருக்கிறாய் என்றறிந்து மகிழ்ந்தேன். இங்கே காபிப் பறிப்பு முடிந்து கவாத்து நடக்கிறது; மூட்டுவலியைத் தவிர எனக்கு வேறு குறையில்லை.

விடியற்காலையில் காட்டோரம் கேட்டதாக நீ எழுதியிருந்த அந்தக் கூட்டுக் குரல், நீ நினைத்தபடியே வனக்காடையினுடையதாகத்தான் இருக்க வேண்டும். மெக்சிகோவின் தென்பகுதி முதல் அர்ஜென்டினா வரை பரவியுள்ள அந்தப் பேரினத்தில் சுமார் 15 இனங்கள் உண்டு. அட்லாண்டிக் கடலோரக் காட்டில் வாழ்வது, அவ்வூரார் 'உரு' என்றழைக்கும் இனம். கண்ணைச் சுற்றிச் சிவந்த தோலும் சாம்பல் நிற வயிறுமாக, சிறு கூட்டங்களாகச் சருகில் இரை தேடும். எதிரில் நின்றாலும் எளிதில் கண்ணுக்குப் படாத இப்பறவை, காலையிலும் மாலையிலும் குரலால்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. கீழலகின் விளிம்பில் பல்போன்ற வெட்டுகள் இருப்பது இக்குடும்பத்தின் அடையாளம். நம் சேலத்துச் சோளக்காட்டுக் காடைக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை; அமெரிக்கக் காடைகள் தனிக் குடும்பம்.

ஆனால் உன் கடிதத்தைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது காடையன்று, நம் சுண்டங்கோழி. இதற்கும் கண்ணைச் சுற்றிச் சிவந்த தோல். இதுவும் சருகைச் சீய்த்து விதையும் பூச்சியும் தின்று, ஆளரவம் கேட்டால் பறப்பதைவிட ஓடிப் புதருக்குள் மறைவதையே விரும்புகிறது. சேவலின் காலில் இரண்டு மூன்று முட்கள்கூட இருக்கும். உறவால் வேறுபட்ட இரண்டு பறவைகளையும் ஒரே வகைப் பிழைப்பு ஒரே சாயலில் வார்த்திருக்கிறது.

இன்னொன்றும் தோன்றியது. 19ஆம் நூற்றாண்டில் சாவோ பாவ்லோ பகுதியில் உருவின் காடு பெருமளவு அழிந்ததற்குக் காபி ஒரு முக்கியக் காரணம். அங்கே மரங்களை அடியோடு வெட்டித் திறந்த வெயிலில் பயிரிட்டார்கள். சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்ததும் அதே காபிதான் என்றாலும், இங்கே அது நிழல் மரங்களின் கீழ் வளர்ந்ததால் சருகும், சருகோடு சுண்டங்கோழியும் மிஞ்சின. நம் முன்னோரின் கருணை என்று இதைச் சொல்ல மாட்டேன். இந்த வெயிலில் அராபிகா வகைக் காபி தாங்காது, அவ்வளவுதான்.

இப்போது எனக்குள்ள கவலை நிழலைப் பற்றியதன்று, தரையைப் பற்றியது. ஆள் கிடைக்காததால் களைக்கொல்லி அடிக்கிறார்கள். மரம் நின்றாலும் கீழே புதர் கருகித் தரை மொட்டையாகிறது. தை முதல் ஆனி வரை புதரடியில் குழிபறித்து முட்டையிடும் பறவையை விரட்ட அது போதாதா? என் பங்கில் ஓடைக்கரையை மட்டும் வெட்டாமல் விடச் சொல்லியிருக்கிறேன். மேஸ்திரிக்கு அதில் உடன்பாடில்லை.

உன் மகனுக்கு ஓய்வு கிடைக்கும் நாளில், மரநிழலில் காபி வளர்க்கும் தோட்டம் ஏதேனும் அங்கே இருந்தால் போய்ப் பார். அங்கே உரு வருகிறதா என்று தோட்டத்தாரிடம் விசாரித்து எழுது.

அன்புடன்,
முருகேசன்