நூலக அட்டை வாங்கிவிட்டீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தோட்டப்புற ஊரில் நூலகம் என்றால் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதும் மாணவர்கள் படிக்கிற இடம் என்றே பலரும் நினைக்கிறார்கள். கணினியும் இணையமும் அங்கே இலவசம். வேலைக்கு மனுப் போட சைபர் கஃபேக்குக் காசு கொடுப்பானேன்? தேசிய நூலகத்தின் யு-புஸ்தாகா சேவையில் மலேசியக் குடிமக்கள் இலவசமாகவே சேர்ந்து, மின்னூல்களைக் கைப்பேசியிலேயே இரவல் வாங்கலாம். கோயில் கமிட்டிகள் இதைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பாட்டிமாருக்கும் சேதி போய்ச்சேரும்.

சரி, நேரம்தான் இடிக்கிறது. தொழிற்சாலை பேருந்து ஊர் திரும்புவதற்குள் நூலகத்தைப் பூட்டிவிடுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் எப்போதுதான் நுழைவது? வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணி வரை திறந்து வைக்க வேண்டும்.

தோட்டப்புற வாசகர்,
கோல சிலாங்கூர் வட்டாரம்