வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை பற்றிப் பெற்றோர்களுக்கு

பெற்றோர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒரு தலைப்பில் தங்கள் எண்ணத்தைப் பேசும் ‘கருத்து நேரம்’ நடக்கிறது. பாடம் நடத்த வேண்டிய நேரத்தில் இது எதற்கு, பெரியவர்களை எதிர்த்துப் பேசப் பழக்குகிறீர்களா, எங்கள் சாமியைப் பற்றி இன்னொரு பிள்ளை ஏதாவது கேட்டுவிட்டால் என் பிள்ளை என்ன செய்யும் என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே நியாயமான கேள்விகள். கடைசிக் கேள்விக்கு விடை சொன்னால் மற்ற இரண்டுக்கும் பாதி விடை வந்துவிடும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

நம் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு பேச்சுரிமையைக் கொடுக்கிறது. அதன் இரண்டாவது உட்பிரிவு, அந்த உரிமைக்கு எந்தக் காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்று எண்ணிச் சொல்கிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். மொத்தம் எட்டு. ‘கேட்டவர் மனம் புண்பட்டது’ என்பது தனிக் காரணமாக அதில் இல்லை. ஒரு மதத்தை வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு இழிவுபடுத்தி மக்களின் மத உணர்வைச் சீண்டினால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆவது பிரிவின்படி குற்றம். ஆனால் பதிமூன்று வயதுப் பிள்ளை “விரதம் இருந்தால் என்ன கிடைக்கும்?” என்று கேட்பது அந்தக் கணக்கில் வராது. அது கேள்வி. அதற்குப் பதில் உண்டு. பதில் தெரியாவிட்டால் வீட்டுக்கு வந்து உங்களிடம் கேட்கும். அப்படி வந்து கேட்டால் அந்த வகுப்பு நல்லபடியாக நடந்திருக்கிறது என்றே நான் நினைப்பேன்.

வகுப்பில் நாங்கள் போட்டிருக்கும் கோடு வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவர் நம்புவதைப் பற்றியும் செய்வதைப் பற்றியும் கேட்கலாம். ஒருவர் எங்கே பிறந்தார், என்ன நிறம், எப்படிப் பேசுகிறார், அம்மா என்ன வேலைக்குப் போகிறார் என்பவற்றைக் காட்டிப் பேசக் கூடாது. “உங்க ஆளுங்களே இப்படித்தான்” என்பது கருத்து அல்ல. அதற்கு எந்தக் காரணமும் பதிலாகாது. கேட்ட பிள்ளை தன் பிறப்பை மாற்றிக்கொள்ள முடியாது, வாயை மூடிக்கொள்ளத்தான் முடியும். ஒரு பிள்ளை வாயை மூடினால் அதே நிலையில் இருக்கும் இன்னும் நாலு பிள்ளைகளும் மூடிக்கொள்வார்கள். ஒருவருடைய பேச்சுரிமைக்காக ஐந்து பேருடையதைப் பறித்தது போல் ஆகிவிடும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளைப் பிறர் முன்னால் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம் என்பதும், திட்டியவர் சிறுவராக இருந்தாலும் விஷயம் சிறுவர் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் வரை போகலாம் என்பதும் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி அந்த நாற்பது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசுவதில்லை. எல்லோரும் நோட்டில் மூன்று வரி எழுதுகிறார்கள்: நான் நினைப்பது என்ன, ஏன் அப்படி நினைக்கிறேன், எது தெரிந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன். மூன்றாவது வரிதான் கடினம். ஆரம்பத்தில் பாதிப் பேர் அதை வெற்றாக விடுவார்கள், அவசரப்படுத்த மாட்டோம். பிறகு சீட்டுக் குலுக்கி ஆறாறு பேராக வட்டம். பெஞ்சை நகர்த்தி உட்காரவே ஐந்து, ஆறு நிமிடம் போய்விடும். ஆளுக்கு ஒரு நிமிடம் பேசுகிறார்கள். மறுப்பவர் உடனே மறுக்கக் கூடாது. முன்னால் பேசியவர் சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். “ஆமாம், அதைத்தான் சொன்னேன்” என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. நேரம் பெரும்பாலும் இங்கேதான் செலவாகிறது, செலவாக வேண்டியதும் இங்கேதான். பல சண்டைகள் இந்த இடத்திலேயே கரைந்துவிடும், ஏனென்றால் அவர் சொல்லாத ஒன்றுக்காகத்தான் இவர் கோபப்பட்டிருப்பார். கடைசி ஐந்து நிமிடம் மீண்டும் நோட்டு. எண்ணம் கொஞ்சமாவது நகர்ந்திருந்தால் பக்கத்தில் ஒரு கோடு.

நடுவர் இல்லை, தீர்ப்பு இல்லை, கைதட்டல் இல்லை. பட்டிமன்றம் கேட்டுப் பழகிய நமக்கு இது உப்பில்லாத சாப்பாடு போலத் தோன்றலாம். பட்டிமன்றம் நல்ல கலை. ஆனால் அங்கே அணி முதலில், கருத்து பிறகு. கைதட்டல் விழுந்ததும் பிள்ளை அடுத்த வரியைக் கைதட்டலுக்காகப் பேசத் தொடங்கும். கை தூக்குபவர்களை மட்டும் பேசவிட்டால் எல்லா வாரமும் அதே ஐந்து பேர்தான் பேசுவார்கள், அதனால்தான் சீட்டு. ஆசிரியர் தன் கருத்தை முதலில் சொல்லிவிட்டால் அன்றைக்கு வகுப்பே முடிந்தது, எல்லா நோட்டிலும் அவருடைய வரிதான் இருக்கும். ஆகவே ஆசிரியர் வட்டத்துக்கு வெளியே உட்காருகிறார். பிறப்பைக் காட்டிப் பேசக் கூடாது என்று மேலே சொன்ன கோடு தாண்டப்படும்போது மட்டும் எழுந்து வருவார்.

தலைப்பு எடுப்பதிலும் தவறு நேரும். “பெண்கள் வேலைக்குப் போகலாமா?” என்பது போன்ற தலைப்பை வைக்க மாட்டோம். வகுப்பில் பாதிப் பேர் உட்கார்ந்து, தங்களுக்கு உரிமை உண்டா இல்லையா என்று மற்றவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டியிருக்கும். சமத்துவம் வாக்கெடுப்புக்கு விடும் பொருள் அல்ல. அதற்குப் பதிலாக, ஒரு வாரம் வீட்டில் யார் என்ன வேலை எத்தனை நிமிடம் செய்கிறார்கள் என்று எழுதிவரச் சொல்கிறோம்: தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது, கடைக்குப் போவது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எப்படிப் பிரிக்கலாம் என்று பேசட்டும். உங்கள் வீட்டுக் கணக்கும் அதில் வரும். நோட்டைப் பார்த்துப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

பேச விரும்பாத பிள்ளை “தாண்டிப் போங்க” என்று சொல்லலாம், காரணம் கேட்க மாட்டோம். சும்மா இருப்பதும் உரிமைதான். 1985 ஜூலையில் கேரளத்தில் பத்தாம், ஒன்பதாம், ஐந்தாம் வகுப்புகளில் படித்த உடன்பிறந்த மூன்று பேர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். காலை வழிபாட்டில் தேசிய கீதத்துக்கு அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்கள் நம்பிக்கை அதற்கு இடம் தரவில்லை. துறை அதிகாரி சொன்னதைத் தலைமையாசிரியை செய்தார். உயர் நீதிமன்றத்திலும் பிள்ளைகளுக்கு நியாயம் கிடைக்கவில்லை. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, எழுந்து நின்றதே மரியாதை என்று சொல்லி, மூவரையும் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. நம் மரபும் தத்துவமும் சகிப்புத்தன்மையைச் சொல்கின்றன, அரசியலமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விடக் கூடாது என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தத் தீர்ப்பில் எழுதினார். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்காரும் எவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றியும் சிலர் கேட்டீர்கள், அதுவும் கருத்துரிமைதானே என்று. இல்லை. கோயில் கயிறு என்று கட்டினாலும், எந்த நிறம் எந்தச் சாதி என்று பிள்ளைகளுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. யாரோடு பேசலாம், யாரை அடிக்கலாம் என்பதற்கு அது அடையாளமாகிவிடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அதே பள்ளி மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, கயிறு, மோதிரம், சாதி நிறம் பூசிய சைக்கிள் எதுவும் வேண்டாம், அகர வரிசைப்படி உட்கார வையுங்கள், வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னது. நம் பள்ளியிலும் இனி அகர வரிசைதான். “உதவித்தொகை வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்” என்று வகுப்பில் கேட்கும் பழக்கமும் நின்றது. ஒவ்வொருவராக என் அறைக்கு அழைத்துத்தான் சொல்வோம்.

வாட்ஸ்அப்பில் பிள்ளையைப் பற்றி இழிவாக ஏதாவது வந்தால் அழிக்க வேண்டாம். அனுப்பியவர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து என்னிடம் காட்டுங்கள். வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பினால் அந்த இழிவு இன்னும் ஐம்பது வீட்டுக்குப் போகும். பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி நூலக வாசலில் இருக்கிறது. பிள்ளைகள் பெயர் எழுத வேண்டியதில்லை. எங்கள் மேலேயே புகார் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டையும் அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்று. வெள்ளிக்கிழமை பிள்ளை வந்து இன்ன பையன் இப்படிச் சொன்னான் என்றால், நம் வாயில் முதலில் வரும் கேள்வி “அவன் எந்தத் தெரு?” என்பதுதான். நாம் எதைக் கேட்கிறோம் என்று பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். “அவன் என்ன காரணம் சொன்னான்? நீ என்ன சொன்னாய்?” என்று கேளுங்கள்.

வகுப்புக்கு ஐந்து பெற்றோர் வீதம் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். உள்ளே பேசக் கூடாது, செல்பேசியை அலுவலகத்தில் வைத்துவிட வேண்டும். பிள்ளை கலந்துகொள்ள வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அந்த நேரம் நூலகத்தில் இருக்கலாம். இதற்கு மதிப்பெண் கிடையாது, ஆகவே எதுவும் குறையாது. மேலும் கேட்க வேண்டியதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள், மாலை ஐந்து மணி வரை இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்