எஞ்சின் கைப்பிடியைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆனி, ஆடி வந்தால் உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது: ராட்சத அலையில் சிக்கி வள்ளம் கவிழ்ந்தது. தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயிலில் மணல் சேர்வதையும், அங்கே எங்கள் ஆட்கள் உயிர் விட்டதையும் நீங்கள் எழுதத்தான் செய்கிறீர்கள். எழுதுங்கள். மணலை அள்ளாமல் அந்தப் பிரச்சினை தீராது, அது எங்களால் ஆகிற காரியமும் இல்லை. ஆனால் எங்களால் ஆகிற ஒன்று இருக்கிறது. அதை யாரும் எழுதி நான் கண்டதில்லை. வள்ளத்தின் பின்னால் மாட்டிய எஞ்சினையே இடமும் வலமும் திருப்பித்தான் நாங்கள் வழி பிடிக்கிறோம். பழைய எஞ்சின்களில் அதைத் திருப்புகிற கைப்பிடி இறுகிப்போய்த் திரும்ப மறுப்பதைத்தான் சொல்கிறேன்.

நான் முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரன். வயது 57. என்னுடையது 24 அடி ஃபைபர் வள்ளம். அதற்கு 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் எஞ்சின். 2011இல் ஒருவர் ஓட்டிக் கழித்ததை வாங்கினேன். 2017 ஒக்கிப் புயலுக்கும் தப்பிய எஞ்சின் அது. (அன்று காய்ச்சலில் கிடந்ததால் நானும் தப்பினேன், அது வேறு கதை.)

இந்த இறுக்கம் ஒரே நாளில் வருவதில்லை, அதுதான் அதன் சூது. முதல் வருடம் காலையில் மட்டும் கொஞ்சம் கனமாக இருந்தது. அப்புறம் வலப்பக்கம் திருப்பும்போது பிடித்துப் பிடித்து விட்டது. தோளில் வலி என்று நான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்க்க வேண்டியது எஞ்சினுக்கு என்று புத்தியில் படவில்லை. எண்ணெய் பார்ப்போம், பிளக்கைக் கழற்றித் துடைப்போம், புரொப்பல்லரில் வலை நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்ப்போம். எஞ்சின் இடமும் வலமும் திரும்புகிற அச்சை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை. என் மகன் அதை எஞ்சினின் கழுத்து என்பான்.

போன ஆடியில் ஒரு நாள் கரை பிடிக்க வந்தோம். எங்கள் ஊரில் துறைமுகம் கிடையாது, அலையைத் தாண்டி மணலில்தான் ஏற வேண்டும். தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: வெளியே நின்று பெரிய அலைகள் போகட்டும் என்று காத்திருந்து, கடல் கொஞ்சம் அடங்கும் நேரத்தில் ஒரே ஓட்டமாக ஓட வேண்டும். பின்னால் இன்னொன்று எழும்பினால் வள்ளத்தின் பின்பக்கத்தை அதற்கு நேராக வைக்க வேண்டும். எழும்பியது. கைப்பிடியைத் தள்ளினேன், பாதியில் நின்றது. மச்சான் ஓடிவந்து முழங்காலைக் கொடுத்துத் தள்ளினார். அதற்குள் வள்ளம் அலைக்குக் குறுக்கே விழுந்துவிட்டது. கவிழவில்லை. பாதி வலையும் அன்றைய மீனும் தண்ணீரோடு போயின. மச்சானின் முழங்கால் வீங்கி மூன்று வாரம் அவர் கடலுக்கு வரவில்லை. நாங்கள் கவிழ்ந்திருந்தால் உங்கள் பக்கத்தில் 'ராட்சத அலை' என்றுதான் வந்திருக்கும்.

எஞ்சினை ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, முன்பக்கத்துப் பிராக்கெட்டையே மாற்ற வேண்டும், அந்தக் காசுக்குக் கூடக் கொஞ்சம் போட்டுப் புதிது வாங்கிவிடலாம் என்றார். புதுசுக்கு லட்சத்துக்கு மேல் வேண்டும். கழிவு விலைக்குப் பழசை எடுத்துக்கொள்ள அவரே ஆளும் சொன்னார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

எங்கள் ஊரில் முன்பு எஞ்சின் வேலை பார்த்து இப்போது கண் மங்கிப்போன ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் சொன்னேன். அவர் எஞ்சினைப் பார்க்கக்கூட வரவில்லை. "கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தாய்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வந்து எஞ்சினை வள்ளத்திலிருந்து இறக்கி, முற்றத்தில் இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிய பலகையில் மாட்டினோம். பெரியவர் சொல்லியிருந்தபடி முதலில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகைத் தளர்த்தினேன். எஞ்சின் தானாக ஒரு பக்கம் இழுக்காமல் நிற்பதற்காக அதை வைத்திருக்கிறார்கள். சிலர் என்றோ முறுக்கிவிட்டு மறந்துபோவார்கள், அதோடு வேலை முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை, தளர்த்திய பிறகும் அப்படியே இருந்தது. எஞ்சின் ஓடாமல் நிற்கும்போதே கனம் என்றால் கோளாறு அச்சில். நிற்கும்போது லேசாகவும் ஓடும்போது மட்டும் ஒரு பக்கம் இழுப்பாகவும் இருந்தால் அது வேறு. புரொப்பல்லருக்கு மேலே சின்ன மீன் செதிள் போல ஒரு துடுப்பு சில எஞ்சின்களில் இருக்கும். அது கோணியிருக்கும், இல்லை உப்பு தின்றிருக்கும். வள்ளம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அதன் பின்முனையை அந்தப் பக்கமே கொஞ்சம் திருப்பி வைத்தால் சரியாகும்.

அச்சுக்கு முன்பக்கம் இரண்டு கிரீஸ் நிப்பிள்கள், அதாவது கிரீஸை உள்ளே செலுத்துகிற சின்ன முனைகள். ஒன்றின் மேல் முந்தைய சொந்தக்காரர் பெயின்ட் அடித்தே மூடியிருந்தார். இத்தனை வருடம் நான் அதை ஒரு ஆணித்தலை என்று நினைத்திருக்கிறேன். சுரண்டிவிட்டு கிரீஸ் கன்னை வைத்து அடித்தால், கிரீஸ் உள்ளே போகாமல் என் சட்டையில் வந்தது. நிப்பிள்களைக் கழற்றினேன். துவாரத்துக்குள் பழைய கிரீஸ் கருப்பட்டி போல இறுகிக் கிடந்தது. சைக்கிள் கம்பியால் குத்திக் குத்தி எடுத்தோம். அதற்குப் பின்னால் வெள்ளைப் பொடி, சுண்ணாம்பு மாதிரி. வெளிக்கூடு அலுமினியம், உள்ளே திரும்புகிற தண்டு எஃகு. இரண்டுக்கும் நடுவே உப்புத் தண்ணீர் புகுந்தால் அலுமினியம் அரித்து இப்படிப் பொரிந்துவிடும். அந்தப் பொடி பெருகி தண்டைச் சுற்றி நடுவே இருக்கிற பிளாஸ்டிக் வளையத்தை, அதாவது புஷ்ஷை, நெருக்கும், புஷ் தண்டைக் கவ்வும். தோள் வலிக்குக் காரணம் அந்தச் சுண்ணாம்பு.

துவாரத்தில் துரு விடுவிக்கிற ஸ்பிரேயை அடித்து ஒரு ராத்திரி விட்டோம். மறுநாள் கஞ்சிப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, அச்சைச் சுற்றிச் சாக்கைக் கட்டி அதன்மேல் ஊற்றினோம். பானைக்காக வீட்டில் வாங்கிய பேச்சை இங்கே எழுதவில்லை. சூட்டில் உள்ளே இருப்பது இளகும். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மகன், மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தோம். முதல் நாள் ஒரு சாண் அசைந்தது. அடுத்த ஞாயிறு மறுபடியும் ஸ்பிரே, மறுபடியும் வெந்நீர். மதியத்துக்கு மேல் 'கிறீச்' என்று ஒரு சத்தம் போட்டுக் கடைசி வரை போனது. புது நிப்பிள்களை மாட்டி, கடல் எஞ்சினுக்கென்று விற்கிற நீல நிற கிரீஸை அடித்தோம். மேலும் கீழும் முதலில் கறுப்பாக வழிந்தது, பிறகு தண்ணீர் கலந்த சாம்பல் நிறத்தில், பிறகு பொடியோடு. ஒவ்வொரு நாலு அடிக்கும் கைப்பிடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினோம். நீலம் நீலமாகவே வெளியே வந்த பிறகுதான் நிறுத்தினேன். கிரீஸ், நிப்பிள், ஸ்பிரே, புதிதாக வாங்கிய கிரீஸ் கன் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது இரண்டு விரலால் திருப்புகிறேன்.

எல்லா எஞ்சினும் இப்படிச் சரியாகும் என்று சொல்ல மாட்டேன். அச்சைப் பிடித்து ஆட்டும்போது கடகடவென்று ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. தண்டை உருவி மாற்ற வேண்டும், அது மெக்கானிக் வேலைதான். ஆனால் அதற்கு முன்னால் நம் ஆட்கள் செய்கிற காரியங்கள் இருக்கின்றனவே! கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நெம்புகிறார்கள், கைப்பிடி ஒடிகிறது. மண்ணெண்ணெயை ஊற்றுகிறார்கள். இரண்டு நாள் லேசாக இருக்கும், மிச்சமிருந்த கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். ஒருவர் கேஸ் தீயைக் காட்டினார். எரிபொருள் டப்பா நாலடி தள்ளி இருக்கிறது, உள்ளே புஷ்ஷோ பிளாஸ்டிக். பைக்குக்கு அடிக்கிற சாதாரண கிரீஸும் உப்புத் தண்ணீரில் அதிக நாள் நிற்காது.

என் தங்கை மாப்பிள்ளை பூவாறில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். அங்கே கார் மாதிரி வட்ட ஸ்டீரிங், அதிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கேபிள். என் கதையைக் கேட்டு அவரும் கிரீஸ் கன்னை எடுத்தார். நல்லவேளை, பெரியவர் தடுத்தார். இப்படிப்பட்ட படகில் முதலில் கேபிளை எஞ்சினிலிருந்து கழற்றிவிட்டு எஞ்சினை வெறும் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். லேசாகத் திரும்பினால் குற்றம் எஞ்சினில் இல்லை. கேபிளின் முனைக்கம்பி ஓடுகிற குழாயில் நிப்பிள் இருந்தால், கம்பியை முழுக்க உள்ளே இழுத்த நிலையில்தான் அடிக்க வேண்டும். நீட்டிய நிலையில் அடித்தால் கிரீஸ் கட்டியாக நின்று அதுவே பூட்டிவிடும். கேபிளுக்கு உள்ளேயே துரு ஏறியிருந்தால் எந்த கிரீஸும் உதவாது, மாற்றத்தான் வேண்டும். அவருக்கு அதுதான் ஆனது.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், மானியத்தில் எஞ்சின் கொடுக்கும்போது மாலை, போட்டோ எல்லாம் உங்கள் பத்திரிகையில் வருகிறது. அந்த மேடையிலேயே எஞ்சினோடு ஒரு கிரீஸ் கன்னையும் கொடுக்கச் சொல்லி எழுதுங்கள். எங்கே எங்கே நிப்பிள் இருக்கிறது என்று காட்ட அரை நாள் போதும். என் எஞ்சினோடு வந்த புத்தகம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. மகன் படித்துச் சொன்னபோதுதான், கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் அம்புக்குறி போட்டுப் படமே வரைந்திருப்பது தெரிந்தது. அந்த ஒரு பக்கத்தையாவது தமிழில் அச்சடித்து மீனவர் சங்கங்களில் ஒட்டலாம்.

எங்கள் பங்குக் கோவிலில் ஞாயிறு பூசைக்குப் பிறகு நான் கிரீஸ் கன்னோடு கடற்கரையில் இருக்கிறேன். இதுவரை ஒன்பது எஞ்சின் பார்த்தோம். ஆறில் நிப்பிள் மேல் பெயின்ட்.

இப்படிக்கு,
ஒரு வள்ளத் தொழிலாளி,
முட்டம் அருகே, கன்னியாகுமரி மாவட்டம்.