பாஸ்கெட்பால் டிவிக்கு வந்தது எப்போது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வீடியோ கேம் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாகப் படித்தேன். இரண்டாவது முறை, நான் படித்தது சரிதானா என்று பார்ப்பதற்காகப் படித்தேன். 1994இல் என்பிஏ லைவ் 95 என்ற வீடியோ கேம் (என்பிஏ என்பது அமெரிக்காவின் தொழில்முறை பாஸ்கெட்பால் லீக்) வந்த பிறகுதான் வீட்டு டிவியில் உண்மையான பாஸ்கெட்பால் வந்ததாம், அதற்கு முன்னால் இருந்தவை எல்லாம் வெறும் புள்ளியும் கோடுமாம். இந்த ஒரு வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

நான் 1970களில் கல்லூரி அணியில் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் இடத்தில், ஆடியவள். மண் தரையில், கம்பத்தில் பலகை அடித்த கோர்ட்டில் ஆடினோம். கல்யாணமாகி 1980இல் கலிஃபோர்னியாவுக்குப் போனபோது பெட்டியில் கான்வாஸ் ஷூவை எடுத்துக்கொண்டு போனேன். போட்டுக்கொண்டு ஆட இடமும் ஆளும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் என் கணவர் டிவியில் இணைத்து ஆடும் இன்டெலிவிஷன் என்ற வீடியோ கேம் யந்திரத்தை வாங்கி வந்தார். கிட்டத்தட்ட 300 டாலர். எங்கள் நிலைமைக்கு அது பெரிய பணம். அதனுடன் வாங்கிய முதல் கேம், மேட்டல் நிறுவனம் 1980இல் வெளியிட்ட என்பிஏ பாஸ்கெட்பால்.

அதில் இருந்தது புள்ளியும் கோடுமா? பக்கத்துக்கு மூன்று பேர், கை கால் தெரியும்படி ஓடினார்கள். ஓடும் கடிகாரம் இருந்தது, நான்கு குவார்ட்டர் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக 24 விநாடி விதி இருந்தது. பந்தைக் கூடையை நோக்கி எறியாமல் 24 விநாடிக்கு மேல் காலம் கடத்தினால் அது எதிரணிக்குப் போய்விடும். ஆசிரியர் அவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என்பிஏவில் 24 விநாடி விதி 1954இலேயே வந்துவிட்டது. நம் ஊர்களில் ஆடிய சர்வதேச விதிப்படி அப்போதெல்லாம் 30 விநாடி, 2000த்தில்தான் 24 ஆனது. அந்த ஆறு விநாடி குறைந்தால் ஆட்டம் எப்படி மாறும், எவ்வளவு சீக்கிரம் பாஸ் போட வேண்டும் என்பதை நான் முதலில் கற்றுக்கொண்டது அந்த டிவியின் முன்னால்தான். கோர்ட்டில் பத்து வருடம் ஓடிய ஒருத்திக்கு ஒரு விளையாட்டு யந்திரம் ஆட்டத்தின் விதியைக் கற்றுக்கொடுத்தது. இதை உண்மையான பாஸ்கெட்பால் இல்லை என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

குறைகளும் இருந்தன. பெட்டியின் மேல் என்பிஏ என்று போட்டிருந்தாலும் உள்ளே ஓர் அணியின் பெயர் கிடையாது, ஓர் ஆட்டக்காரரின் பெயர் கிடையாது. இன்னொரு பெரிய குறை, தனியாக ஆட முடியாது. எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். கணவர் வேலைக்குப் போய்விடுவார். நான் ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

1982இல் என் மாமியார் மன்னார்குடியிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, பாஸ்கெட்பால் பார்த்ததே இல்லை. “அத்தை, இந்த வட்டத்தை அழுத்தினா ஆள் ஓடுவான், பந்து வந்தா இங்க தட்டுங்க” என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தேன். ஒரே வாரத்தில் என் பந்தைத் தட்டிப் பறிக்க ஆரம்பித்துவிட்டார். மதியச் சாப்பாடு முடிந்ததும் “என்னம்மா, ஆடலாமா?” என்பார். அதுவரை எங்களுக்குள் சமையலைப் பற்றிய பேச்சைத் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. அவர் போய் இருபது வருடமாகிறது. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் உங்கள் தீபாவளி மலரில், வீடியோ கேம் குடும்பத்தைப் பிரிக்கிறது என்று நான்கு பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டீர்கள். அதற்கும் நான் கடிதம் எழுதினேன், மாமியார் கதையை எழுதினேன். வெளியாகவில்லை. இடம் இல்லாமல் இருந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். விளையாட்டுப் பக்கத்திலும் இதே கதைதான். கிரிக்கெட்டுக்கு முழுப் பக்கம், பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டிக்கு மூன்று வரி. அந்த மூன்று வரியிலும் ஒருமுறை தோற்ற அணியை வென்றதாகப் போட்டிருந்தீர்கள். அதற்கும் எழுதினேன்.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். 1980க்கும் முன்னால், அடாரி நிறுவனத்தின் வீடியோ கேம் யந்திரத்துக்கு அடாரி பாஸ்கெட்பால் இருந்தது, 1978இல் வந்தது. பக்கத்துக்கு ஒரே ஓர் ஆள்தான். உருவம் குச்சி போல இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அடாரி யந்திரத்தின் நினைவகம் மொத்தம் 128 பைட். ஒரு தபால் கார்டில் நான்கைந்து வரி எழுதினால் தீர்ந்துவிடும், அவ்வளவுதான். முழுப் படத்தையும் சேர்த்து வைக்க இடம் கிடையாது என்பதால், டிவி ஒவ்வொரு வரியாகத் திரையில் படம் வரையும்போதே அடுத்த வரிக்கு என்ன வேண்டும் என்று நிரல் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அந்த நெருக்கடியிலும் கோர்ட்டைச் சரிவகமாக வரைந்து, ஆட்கள் முன்னும் பின்னும் போவது போல ஆழம் காட்டினார் அந்தக் கேமை எழுதிய ஆலன் மில்லர். கணினியையும் எதிராளியாக ஆட வைத்தார். இதை ஒரு ‘வெறும்’ போட்டுத் தள்ளிவிடலாமா?

அவருடைய பெயரை அடாரி பெட்டியில் போடவில்லை. செய்தவர்களுக்குப் பெயரும் கிடையாது, விற்பனையில் பங்கும் கிடையாது என்ற கோபத்தில்தான் மில்லரும் அவருடைய சகாக்களும் வெளியேறி, 1979இல் ஆக்டிவிஷன் என்ற சொந்தக் கேம் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மேட்டலில் மட்டும் என்ன? 1982இல் டிவி கைடு பத்திரிகை அவர்களுடைய நிரலாளர்களைப் பேட்டி எடுத்தபோது, வேறு நிறுவனம் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் உண்மைப் பெயர்களைப் போடவிடவில்லை. அன்று முதலாளிகள் பெயரை மறைத்தார்கள். நாற்பது வருடம் கழித்து நம் தமிழ்ப் பத்திரிகை அவர்கள் செய்த வேலையையே இல்லை என்கிறது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

1980க்கும் 1994க்கும் நடுவிலும் ஒன்றும் காலியாக இல்லை. 1983இல் என்பிஏ நட்சத்திரங்கள் ஜூலியஸ் எர்விங்கையும் லாரி பேர்டையும் பெயரோடு ஒருவருக்கு ஒருவர் ஆட வைத்த கேம் முதலில் ஆப்பிள் கணினிக்கு வந்தது. 1987இல் கொனாமி நிறுவனத்தின் டபுள் டிரிபிள் (Double Dribble) நின்டெண்டோ யந்திரத்தில் ஐந்துக்கு ஐந்து பேராக வந்தது. அப்புறம் லேக்கர்ஸ், செல்டிக்ஸ் என்ற என்பிஏ அணிகளின் ஆட்டக்காரர்கள் சொந்தப் பெயரோடு வந்தார்கள். லைவ் 95 நல்ல கேம், என் மகன் அதில்தான் வளர்ந்தான். அது படிக்கட்டின் மேல்படி. கீழ்ப்படிகள் இல்லாமல் யாரும் அங்கே ஏறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டுரையில் இன்டெலிவிஷன் என்று போட்டு நீங்கள் வெளியிட்ட படம் அடாரியின் ஜாய்ஸ்டிக். இன்டெலிவிஷனில் குச்சியே கிடையாது. தட்டையான ஒரு வட்டத் தகடு, மேலே பன்னிரண்டு பொத்தான்கள், பக்கவாட்டில் சில பொத்தான்கள். ஒவ்வொரு கேமுக்கும் பொத்தான்களின் மேல் செருக ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுப்பார்கள்.

1987இல் ஊர் திரும்பும்போது அந்த யந்திரத்தைக் கையோடு கொண்டுவந்தேன். அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் தேடி வாங்கினோம். அங்கே டிவியில் படம் வருவது என்டிஎஸ்சி என்ற முறையில், இங்கே பால் (PAL) என்ற வேறு முறையில். படம் உருண்டுகொண்டே இருந்தது. சரிசெய்து தருகிறேன் என்று வாங்கிப்போன ஒரு மெக்கானிக் திருப்பித் தரவே இல்லை. மூன்று முறை போய்க் கேட்டேன், பழைய சாமானுக்காகவா இவ்வளவு அலைகிறீர்கள் என்றார். உங்கள் கட்டுரையின் அந்த வரியைப் படித்தபோது அந்த மனிதரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. மிஞ்சியது பாஸ்கெட்பால் கேமின் பிளாஸ்டிக் அட்டை ஒன்று மட்டும்தான். ஓரம் தேய்ந்திருக்கிறது, அது என் மாமியாரின் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த ஓரம்.

அந்த அட்டையைப் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அடுத்த இதழில், எந்த மூலையிலாவது, இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். வீட்டு டிவியில் 24 விநாடி விதியோடு பாஸ்கெட்பால் 1980இலேயே வந்துவிட்டது என்று ஒரு வரி. சென்ற இதழில் வந்த படம் அடாரியுடையது என்று இன்னொரு வரி. இரண்டுக்கும் இடம் இல்லையென்றால் முதல் வரியை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.