பாதுகாப்புச் சுவிட்சைக் கட்டிப்போடாதீர்கள்

ஆசிரியருக்கு,

அருமனை, குலசேகரம் பகுதியில் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளர்களின் பாடு அவ்வப்போது செய்தியாகிறது. அந்த ரப்பரைப் பிசைகிற ஆலைத் தொழிலாளியை யாரும் எழுதுவதில்லை. நான் மிக்சிங் மில்லில் வேலை செய்கிறேன். இரண்டு உருளைகள் உள்நோக்கிச் சுழலும். கந்தகமும் கரித்தூளும் சேர்ந்த ரப்பரைக் கத்தியால் அறுத்து, மடித்து, மறுபடியும் அந்த இடுக்கில் கொடுக்க வேண்டும். கையுறை ஒட்டிக்கொண்டால் கையும் சேர்ந்து உள்ளே போகும். அதற்காகத்தான் உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. உடம்பு பட்டதும் அதன் சுவிட்ச் மில்லை நிறுத்திவிடும்.

எங்கள் பக்கத்து ஆலை ஒன்றில், அடிக்கடி நின்று உற்பத்தி கெடுகிறது என்று அந்தச் சுவிட்சையே கட்டிப்போட்டிருந்தார்கள். பார்த்ததும் வயிறு எரிந்தது. அதே ஆலையில் ரப்பரை அச்சில் அழுத்தி வேகவைக்கும் மோல்டிங் பிரஸ்ஸின் வெப்ப சென்சாரைக் கண்ணைப்போல் காக்கிறார்கள். 150 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டிய சூடு குறைந்தால் ரப்பர் வேகாது, மிகவும் கூடினால் வலு இழக்கும், சரக்கு திரும்பி வரும் என்ற பயம். சரக்குக்கு உள்ள மதிப்பு விரலுக்கு இல்லையா?

இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆவது பிரிவே சொன்னது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பதிவேட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், மில்லை ஓடவிட்டு அந்தக் கம்பியைத் தட்டிப் பார்க்க வேண்டும். நிற்காத மில்லை அன்றே இயங்கவிடாமல் தடுக்க வேண்டும்.

– ரப்பர் ஆலைத் தொழிலாளி, அருமனை, கன்னியாகுமரி மாவட்டம்